அத்தான் பிளந்த பாளம்

தொண்ணூறுகளில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பட்டறையில், பழைய வைக்கிங் பாணியில் கத்தி அடித்துக்கொண்டிருந்தேன். இரும்பையும் உருக்கையும் அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்தே ஒரே பாளமாக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அக்காவின் கணவர் உதவிக்கு வந்தார். அதற்கு முந்தின கிழமைதான் பஸ் நிறுத்தத்தில் மொட்டைத்தலை வெள்ளை இனவெறி இளைஞர்கள் சிலர் அவரை மிதித்துப் பல்லை உடைத்திருந்தார்கள்.

சம்மட்டியைக் கையில் கொடுத்ததும் வெறிகொண்டு அடித்தார். தீப்பொறி தெறித்து என் கை பொசுங்கியது.

“அத்தான், மெல்ல அடியுங்கோ!”

அவர் நிறுத்தவில்லை. இரும்பு ஆறிக் கறுத்த பிறகும் அடித்தார். பாளம் பிளந்து, ஒரு சில்லு பறந்து அவர் நெற்றியைக் கிழித்தது.

“அண்டைக்கு அந்த பஸ் நிறுத்தத்தில ஒரு அடிகூடத் திருப்பி அடிக்க ஏலாமல் போச்சு,” என்று இரத்தம் வடிய அழுதார்.

அடுத்த சனிக்கிழமை நெற்றியில் தையலோடு வந்து, உலையை அவரே மூட்டினார்.