எதிர்ப்புறம் ஒரு மீன்கூடை

அரசு மதுக்கடையின் ஷட்டர் ஏறுவதற்குள் பிரிஸில்லா எதிர்ப்புறம் வந்து கூடையை இறக்கி, மீன்மேல் ஐஸைத் தட்டிப் போட்டு, கடைவாசல் நேராகத் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்வாள். நடுவில் ஆட்டோ நின்றால், "இன்னா நைனா, கண்ண மறைக்கிற? அப்பால போய் நிறுத்து" என்பாள்.

நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் காலையிலேயே கூடை காலியாகிவிடும். அந்த இடத்தை விட்டு, உச்சி வெயிலில் சாந்தோம் சந்துக்கு மீனைத் தூக்கி வர அவளுக்கென்ன பைத்தியமா? கணவன் வில்லியத்துக்கு ஈரல் சுருங்கிவிட்டது. கண்ணில் மஞ்சள், காலில் வீக்கம், வயிற்றில் நீர். ஆறு மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால்தான் மாற்று ஈரலைப் பற்றிப் பேசவே முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் ஈரலில் ஒரு பங்கைத் தர மகள் ஷெரில் காத்திருக்கிறாள். குடிக்க மாட்டேன் என்று வில்லியம் மாதாமேல் ஆணையிட்டிருக்கிறான். அதை நம்பி வீட்டில் உட்காரத்தான் பிரிஸில்லாவுக்குத் துணிவில்லை.

வியாபாரம் மோசமில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் பெண்டாட்டியைச் சமாதானம் செய்ய ஒரு கூறு நெத்திலி வாங்குவார்கள். மஞ்சள் கண்ணோடு வருபவனை மட்டும் அவளே கூப்பிடுவாள். "இன்னா மாமா, கண்ணாடில மூஞ்சிய பாத்தியா? எங்க வூட்டுக்காரருக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போ." அவன் சிரித்தபடி உள்ளே போவான். விற்பதும் அரசு, வைத்தியம் பார்ப்பதும் அரசு; இடையில் இவள் ஒருத்தி, சம்பளமில்லாமல்.

மதுக்கடையை அகற்றச் சொல்லி ஆனி டீச்சர் மனுவோடு வந்தபோது இவள் கையெழுத்துப் போடவில்லை.

"உன் வீட்டுக்காரர் நெலமைக்கு நீதானே மொதல்ல போடணும்?"

"இத்தத் தூக்கினா வேற எங்கனா வெப்பாங்க டீச்சர். அது எங்க கீதுன்னு நான் தேடிக்கினு திரியணுமா?"

டீச்சருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் பாவம், இவளால் காவல் காக்க முடிந்தது ஒரே ஒரு வாசல்.

போன வாரம் வில்லியம் வந்தான். அவள் அங்கே இருப்பாள் என்று தெரிந்தேதான் வந்தான், தவிப்பு அப்படி. ஊதிய வயிற்றில் லுங்கி நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்க்க யாருக்கும் மனசு கேட்காது. எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றான்.

"என்னப் பாரு. குந்து."

ஒருவர் சங்கரா எடுத்து நறுக்கித் தரச் சொன்னார். மீன் நறுக்க இரண்டு கையும் வேண்டும். பிரிஸில்லா பக்கத்தில் குந்தியவனின் கையை விட்டு, அவன் லுங்கியின் நுனியை இழுத்து அரிவாள்மணைப் பலகைக்கு அடியில் செருகி, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனைக் கையில் எடுத்தாள்.