காற்றின் இலை, மதகின் இலை

வெர்லான் டாக்கெட் ஆற்றில் இறங்குவதற்கு முன் ஒரு வெள்ளைக் கல்லைத் தேடி எடுப்பார். பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கும்படி அதை நீரின் விளிம்பில் வைப்பார். அறுபத்துமூன்று வயதில் குனிவது சுலபமல்ல. நிமிரும்போது கையை முழங்காலில் ஊன்றி முனகுவார். கல் முழுதும் நனைந்துவிட்டால் கரையேற வேண்டும். தூண்டிலில் எந்த மீன் இருந்தாலும் சரி.

எங்கள் ஆறு மழையைக் கேட்டு ஏறுவதில்லை. ஆறு மைல் மேலே அணை இருக்கிறது. தூரத்து நகரத்தில் குளிர் தட்டி எல்லோரும் ஹீட்டரைப் போட்டால் அணையில் ஒருவர் மின்சாரத்துக்காக மதகைத் திறப்பார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கீழ்ச் சரளைத்திட்டில் முழங்காலளவு நீர் மார்பளவாகிவிடும். அணையின் அடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் பல்லைக் கிட்டவைக்கும். அந்தக் குளிர்ச்சியால்தான் இங்கே ட்ரவுட் மீன் வாழ்கிறது. ட்ரவுட்டைத் தேடி வருகிறவர்களால்தான் வெர்லான் வாழ்கிறார். அவர் தாத்தாவின் சோளக்காடு அந்த அணைக்குப் பின்னால் எண்பதடி ஆழத்தில் கிடக்கிறது.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவருடன் வந்தவர் ஒரு பல் மருத்துவர், பெயர் பிரென்டிஸ். நான் வழக்கம்போல வண்டியோடு கரையில் காத்திருந்தேன். வெர்லான் மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் ஆட்களை ஏற்றி இறக்குவது என் வேலை.

"அந்தக் கல்லு எதுக்கு? வேண்டுதலா?" என்றார் மருத்துவர்.

"வேண்டுதல் நம்ம பழக்கம் இல்ல டாக்டர். போன் பொய் சொன்னா கல்லு சொல்லிடும்."

"ரெண்டு மணி வரைக்கும் தண்ணி திறக்க மாட்டோம்னு அணைக்காரங்களே போட்டிருக்காங்களே."

"என் மச்சினன் போன்லயும் அப்படித்தான் போட்டிருந்தது."

மருத்துவர் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மீன்கள் முட்டையிடும் பருவம் அது. சரளையில் தட்டுபோல வெளுத்துத் தெரிந்த இடங்கள் அவற்றின் முட்டைக் குழிகள். அங்கே மிதிக்கக் கூடாதென்று வெர்லான் மருத்துவரை அரைவட்டமாக நடத்திக்கொண்டு போனார். "பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள செருப்போட போறீங்களே," என்று ஒருமுறை அதட்டவும் செய்தார். பத்து மணிவாக்கில், இறகையும் நூலையும் சுற்றி அரிசி மணி அளவில் கட்டிய பொய்ப்பூச்சியை, முழங்கை நீளமுள்ள ஒரு பழுப்பு ட்ரவுட் விழுங்கியது. மருத்துவர் வாழ்நாளில் அப்படியொரு மீனைப் பிடித்திருக்க மாட்டார். தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

அப்போதுதான் இலைகள் வந்தன.

நீர் ஏறும்போது கரையில் காய்ந்து கிடக்கும் இலைகளைத் தூக்கிக்கொண்டு வரும். கல் நனைவதற்கு முன்பே வந்து சேரும் சேதி அது. கோடையில் இதில் குழப்பமில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு காற்றடித்தாலே ஆறு முழுக்க இலை. வெர்லான் ஒரு கை அள்ளிப் பார்த்தார். ஏறும் நீர் கொண்டுவரும் குச்சி இருக்கிறதா, நுரை இருக்கிறதா. இரண்டும் கொஞ்சம் இருந்தன. அள்ளியதை மார்பில் மாட்டியிருந்த பையில் திணித்துக்கொண்டு, "ஏறுங்க டாக்டர்," என்றார்.

"மீன் மாட்டியிருக்குய்யா. அஞ்சு நிமிஷம் குடு."

"நூலை அறுத்துட்டு ஏறுங்க."

"கல்லு இன்னும் நனையலியே."

வெர்லான் கத்தரியை எடுத்து நூலை வெட்டினார்.

கரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஃபிளாஸ்க்கில் காப்பி தீர்ந்தது. நீர் ஏறவில்லை. கல் பாதி காய்ந்தபடியே கிடந்தது.

"காத்துதான்யா அது," என்றார் மருத்துவர். "வெறும் காத்து."

"நானும் ஒரு தடவை அதைத்தான் சொன்னேன்," என்றார் வெர்லான்.

ஏழு வருடங்களுக்கு முன் அதே திட்டில் அவருடைய மனைவி நோலாவின் தம்பி டால்டன் நின்றிருந்தான். இலைகள் வந்தன. "காத்துதான்டா, நீ வீசு," என்று வெர்லான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நீர் வந்தது. வெர்லானுக்கு ஒரு மரக்கிளை கிடைத்தது. டால்டனுக்குக் கிடைக்கவில்லை. அறிவித்த நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே மதகைத் திறந்திருந்தார்கள். அபாயச் சங்கு அணையின் வாசலில் இருக்கிறது. அதன் சத்தம் ஒரு மைலைத் தாண்டாது.

கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார் பாதிரியார். ஆறு கொண்டுபோய்விட்டது என்றது ஊர். இரண்டும் ஒரே பொய். மேலே ஒரு மனிதன் ஒரு பித்தானை அழுத்தினான். அவனை அழுத்தச் சொன்ன இன்னொரு மனிதன் இருந்தான். விசாரணையில் வெர்லான் உண்மையைச் சொன்னார், இலைகளைப் பார்த்ததையும் சேர்த்து. அந்த ஒரு வரியை மட்டும் அணை நிர்வாகம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. 'அனுபவமிக்க வழிகாட்டி இயற்கையின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை.' கோப்பு மூடப்பட்டது. உண்மை பேசுகிறவனின் வாயிலிருந்தே கயிறு திரிப்பது இவர்களுக்குக் கைவந்த வேலை.

அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நிர்வாகம் நடத்தும் பொதுக்கூட்டத்தில் பேச வெர்லான் பெயர் கொடுக்கிறார். ஆளுக்கு மூன்று நிமிடம். அவர் கேட்பது ஒன்றே: கீழ்த்திட்டில் ஒரு சங்கு.

அன்று மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் வெர்லான், நோலா, நான் மூவரும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். தலைவர் ஹாஸ்க்யூ அம்மாள் நல்ல செய்தி என்று தொடங்கினார். சங்குக்கு இப்போதைக்கு வழியில்லை. ஆனால் கீழ்த்திட்டில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும். 'மிதந்து வரும் இலைகளைக் கவனியுங்கள். உங்கள் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு.' அடியில், 'வழிகாட்டி வெர்லான் டாக்கெட்டின் அனுபவத்திலிருந்து.'

"உங்க ஏழு வருஷ முயற்சிக்கு எங்க மரியாதை, மிஸ்டர் டாக்கெட். சம்மதம்னா இதுல ஒரு கையெழுத்து."

நோலா வெர்லானின் காதருகே சொன்னாள்: "போட்டுட்டு வா, வெர்லான். அவன் என் தம்பி, நானே சொல்றேன். எனக்கு அலுத்துப்போச்சு. பலகையாவது வரட்டும்."

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. எழுந்த விதத்திலேயே அது தெரிந்தது. மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். கண்ணாடிக்காக மார்புப் பைக்குள் கையை விட்டார். ஆற்றிலிருந்து நேராக வந்திருந்ததால் அந்தப் பையைக் கழற்றவில்லை. கண்ணாடியோடு காலையில் திணித்த ஈர இலைகளும் வெளியே வந்து காகிதத்தின் மேல் விழுந்தன.

அவர் காகிதத்தை ஹாஸ்க்யூ அம்மாள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, இது காத்து போட்ட இலையா, நீங்க அனுப்புன இலையா? பாத்துச் சொல்லுங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷமா அந்தத் தண்ணியில நிக்கிறேன், எனக்கும் தெரியல. இன்னிக்குக் காலையிலயும் தெரியல. பலகையப் படிச்சிட்டு எறங்குறவனுக்கு மட்டும் தெரியுமா? மதகத் தெறக்குறது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களச் சங்கு ஊதச் சொல்லுங்க."

மேசை மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. வெர்லான் பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தார். இலைகளை எடுக்கவில்லை.

வாசலில் நோலா கேட்டாள். "காலையில வந்தது நெசமா காத்துதானா?"

"காத்துதான். அந்த டாக்டர் நல்ல மீன வீணா விட்டாரு. இனிமே வரமாட்டாரு."

"அப்ப நாளைக்கு இலை வந்தா?"

"ஏறிடுவேன்."

அவள் திரும்பி உள்ளே போனாள். அடுத்த கூட்டத்துக்குப் பேசப்போகிறவர்கள் பெயர் எழுதும் தாள் கதவருகே மாட்டியிருந்தது. வெர்லான் டாக்கெட் என்று எழுதினாள். அதற்குக் கீழே நோலா டாக்கெட் என்று எழுதினாள்.

"ரெண்டு பேர்னா ஆறு நிமிஷம்," என்றாள் என்னிடம். "மேசையில இருக்கிற அந்தப் பேனாவ யாராவது குடுங்க, இது எழுதமாட்டேங்குது." மங்கலாக விழுந்த தன் பெயரின் மேலேயே அழுத்தி, இரண்டாம் முறை எழுதினாள்.