மாமன் மச்சான் பைனல்

என் தம்பியும் என் வீட்டுக்காரரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் வாராமல் சோறு தின்றதாக எனக்கு நினைவில்லை. மாமன் மச்சான் முறை என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம், கோபித்துக்கொண்டவன்தான் தோற்றவன். இது ஆண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். நடுவில் அக்காவாகவும் பெண்டாட்டியாகவும் ஒருத்தி நிற்கிறாளே, அவளுக்கு இந்தச் சட்டத்தில் என்ன இடம் என்று அவர்கள் யோசித்ததே கிடையாது.

நான் பிறந்தது ரெட்டியார்பாளையம், வாழ்க்கைப்பட்டது முதலியார்பேட்டை. தம்பி ரெட்டியார்பாளையம் டீமுக்கு கோல்கீப்பர். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். பந்தைக் காலால் தொட்டவர் இல்லை, ஆனால் எங்கள் தெரு டீமுக்கு அவர்தான் மேளம், அவர்தான் தொண்டை. மேட்ச் என்றால் கோலுக்குப் பின்னால் நின்று எதிர் டீம் கீப்பரின் காது கிழிய அவர் கத்துவதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அந்தக் கோடைக்கால டோர்னமெண்டில் இரண்டு டீமும் பைனலுக்கு வந்துவிட்டன.

அந்த வாரம் முழுக்க ஒரே கூத்துதான். எங்கள் தெருப் பையன்கள் ரெட்டியார்பாளையம் டீமுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, என் தம்பியின் படத்துக்கு மாலை போட்டு, மரப்பாலம் வரைக்கும் ஒட்டினார்கள். பதிலுக்கு அவர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தார்கள். முதலியார்பேட்டை டீம் வரும் ஞாயிறு மாலை காலமாகிறது, உற்றார் உறவினர் துண்டோடு வந்து சேரவும் என்று சாவு அறிவிக்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டு போனார்கள். பெற்ற பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டதைப் பார்த்தால் என் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் நன்றாகச் சிரித்தேன். வம்புப் பேச்சு எனக்குப் பிடிக்கும், என் வாயும் அவ்வளவு சின்ன வாய் இல்லை.

பைனலுக்கு மூன்று நாள் இருக்கும்போது தம்பி சாப்பிட வந்தான். கூடத்தில் என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இலை போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னா மச்சான், செமி பைனல்ல பந்து கையில வந்து வழுக்கிட்டுப் போச்சே, வெண்ணெ கடைஞ்சிட்டு அப்படியே கிரவுண்டுக்கு வந்துட்டியா?"

"எங்கள வுடு மாமா. உங்க பார்வர்டு ஓடறதப் பாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்க பேங்க் வாசல்ல நிக்கிற தாத்தாவே தேவலன்னு தோணுது."

கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள். இவர் வேறு எதையோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. தம்பி விடவில்லை. "மாமா, நீ மேளம் மட்டும் அடி. அது ஒன்னுதான் உங்க டீம்ல நேரா அடிக்குது" என்றான். மறுபடியும் சிரிப்பு. தன் கூடத்தில், தன் ஆட்களே தன்னைப் பார்த்துச் சிரிப்பது இவருக்குப் பொறுக்கவில்லை. முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"டேய், உங்க வீட்டு ராசியே அதான்டா. அக்கா வயித்துல தங்கல, தம்பி கையில தங்கல."

முந்தின வருஷம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. தெருவுக்கே தெரியும். ஆனால் ஒருத்தர்கூட, எதிர்வீட்டுச் சண்டைக்காரிகூட, அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அந்த அளவுக்காவது மரியாதை இருந்தது.

 கூடத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், எல்லோரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் ரசக் கரண்டியோடு நின்றேன். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து ஓர் அறை விடுவான் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் இலையை மூடிவிட்டு எழுந்து போவான் என்று நினைத்தேன். அவன் பல்லைக் காட்டினான். "சூப்பர் மாமா, ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தான்.

எல்லோரும் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"மச்சான்கிட்ட தமாஷ் பண்ணா உனக்கு என்னாடி? உன்னையா சொன்னேன்?" என்றார்.

"பின்ன யார் வயித்த சொன்னீங்க?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் அந்த வரி தெருப் பையன்களின் ஸ்டேட்டசில் என் தம்பியின் படத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கீழே சிரிக்கிற பொம்மைகள். தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கோப்பையை எவன் தூக்கினாலும் எனக்குக் கவலையில்லை. இந்த இருவரில் ஒருவராவது, போதும்டா, அதை நிறுத்துங்கடா என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தை காதில் விழுமா என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கு உப்பளம் மைதானத்துக்குப் போனேன். ரெட்டியார்பாளையம் பக்கம், தெரிந்த பெண்களோடு உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு தம்பி எங்கள் தெருக் கூட்டத்துக்கு முன்னால் இருந்த கோலுக்கு வந்தான். மேளம் ஆரம்பித்தது. அடித்தவர் என் வீட்டுக்காரர்.

"அக்கா வயித்துல?" என்று இவர் கத்தினார்.

"தங்கல!" என்றது கூட்டம்.

"தம்பி கையில?"

"தங்கல!"

சின்னப் பிள்ளைகள்கூடக் கத்தின. அர்த்தம் தெரிந்தா கத்தின? மேளத்துக்குச் சரியாக விழுந்தது, கத்தின.  எழுந்து போய் அந்த மேளத்தை மிதித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கவில்லை. தம்பி திரும்பிப் பார்க்கவே இல்லை, கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றான். அவன் உள்ளுக்குள் எரிகிறான், மேட்ச் முடியட்டும் என்று இருக்கிறான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தம்பி டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிகிற நேரத்தில் எங்கள் தெரு டீமுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மேளம் வெறிபிடித்து அடித்தது. பெனால்டி எடுத்தவன் வலது பக்கம் உதைத்தான், தம்பி பாய்ந்து விழுந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். நானும் எழுந்து கத்தினேன்.

தம்பி எழுந்தான். மேளக்காரர்கள் பக்கம் திரும்பினான். பந்தைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு நடந்தான். பிறகு அதை வெளியே எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, தாலாட்டுகிற மாதிரி ஆட்டினான். நான் உட்கார்ந்திருந்த ரெட்டியார்பாளையம் பக்கம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. "தங்கிடுச்சிடா, தம்பி கையில தங்கிடுச்சி!" எவனோ பின்னாலிருந்து, "அக்காவுக்கு எப்போடா?" என்றான். என் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி கழுத்தில் மெடல். இவர் அவன் தோளில் கை போட்டிருந்தார். மேளம் அடித்துக் கை வீங்கிப்போயிருந்தது.

"என்னா புடிடா மச்சான் அது! காச அள்ளிக் குடுத்தாகூட அப்புடிப் பாக்க முடியாது" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தாலாட்டுகிற இடம் வரும்போதெல்லாம் இவர்தான் முதலில் சிரித்தார்.

"க்கா, இங்க வா, பாத்தியா?" என்றான் தம்பி. "உனக்காகத்தான் அப்புடிப் பண்ணேன். மாமா மூஞ்சி செத்துப்போச்சி."

நான் போய்ப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன்.

"நல்லாத்தான் புடிச்சிருக்க" என்றேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா என் புள்ளைய துணியில சுத்தி எடுத்துட்டு வந்து, ஆம்பளைங்க யாராச்சும் வாங்கிக்கங்கன்னு உன் முன்னாடி நீட்டுனாங்களே, அப்ப இந்தக் கைய எங்கடா வெச்சிருந்த? கதவு தொறந்துதான் இருந்துச்சி. நான் படுத்துக்கினே பாத்தேன். ரெண்டு கையயும் பேண்ட் பாக்கெட்ல வுட்டுக்கின. உங்க மாமா, போன் வருதுன்னு படி எறங்கிப் போனாரு. போன் வரல. கடைசியில, அங்க பெருக்கிக்கினு இருந்த ஆயாம்மாதான் தொடப்பத்தக் கீழ போட்டுட்டு வாங்குனாங்க."

போனில் கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. இவர் தரையைப் பார்த்தார். தம்பி அழ ஆரம்பித்தான், மெடல் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அழட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.