சுழன்றும் பிரியாத உப்பு

மூன்று நாளாக ஜவுபர் சேர் பாடசாலைக்கு நடந்தே வந்தார். காரணம் நான்காம் நாள்தான் தெரிந்தது. அவருடைய சைக்கிளின் முன்சில்லு, டயர் கழற்றப்பட்டு, வகுப்பு மேசையில் ஒரு மரக்கட்டையின் மேல் படுத்துக் கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து நான்கு ஊசிமருந்துக் குப்பிகள், கழுவித் துடைத்தவை, நூலில் தொங்கின.

“சேர், இதுல ஏறினா பாண்டிருப்பு மட்டும் போகலாமா?” என்றான் அப்ராஸ்.

“போகலாம். நீ குப்பிக்குள்ள இரிக்கணும்.”

தகரக் கொட்டில் சிரித்தது. சுனாமிக்குப் பிறகு ஏழு மாதமாக அந்தக் கொட்டில்தான் அவர்களுடைய பாடசாலை.

கலங்கல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஹுஸ்னியா தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் கொண்டு வந்திருந்தாள். அவர் அதைக் குப்பிகளில் ஊற்றி மூடி, சில்லைக் கையால் சுற்றினார். தொங்கிய குப்பிகள் எழும்பி, அடிப்பக்கம் வெளியே நீட்டியபடி பறந்தன.

“நூல் அறுந்தா குப்பி நேரா ஓடிப் போயிரும். நூல்தான் அத நடுவ நோக்கி இழுத்து வட்டத்துல வெச்சிரிக்கு. அதான் மையநாட்ட விசை. உள்ளுக்குள்ள மிதக்கிற சேத்த அப்பிடி இழுத்துப் பிடிக்க ஒண்டுமில்ல. அது குப்பிட அடிக்குப் போய்த்தான் நிக்கும்.”

சில்லு நின்றபோது குப்பியின் அடியில் சேறு கட்டியாக ஒட்டியிருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். ஹுஸ்னியா ஒரு குப்பியைத் திறந்து, அவர் தடுக்குமுன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

“உப்பு போகல்லியே சேர்.”

“போகாது மகள். சேறு வேற, தண்ணி வேற. உப்பு தண்ணியோட கரைஞ்சிட்டு. எவ்வளவு சுத்தினாலும் சேந்துதான் சுத்தும்.”

“அப்ப தண்ணிப் பம்தான் வழி. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு உம்மா திரும்பவும் பம் வெச்சி இறைக்கப் போறா, அண்டைக்கு நீங்க இறைச்ச மாதிரி. இதுவும் சரிவராட்டி வரிப்பத்தான்சேனையில சாச்சிட ஊட்டுக்குப் போயிருவம்.”

ஜவுபர் சேருக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

ஜனவரியில் ஊர்க் கிணறுகளை இறைத்தவர் அவர்தான். கடல் புகுந்த தண்ணீரை வெளியேற்றினால் நல்ல ஊற்று வரும் என்று நம்பினார். ஹுஸ்னியாவின் தகப்பனைக் கடல் கொண்டுபோனதால் அந்த வீட்டுக் கிணற்றை மூன்று நாள் விடாமல் இறைத்தார். உப்பு கூடியது. ஏன் என்பதைச் சித்திரையில் வந்த நீர்ப் பரிசோதகர் சொன்னார். அந்த மணல் தரையில் மழைத் தண்ணீர், பாரமான உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலம்போலக் கிடக்கிறது. மூர்க்கமாக இறைத்தால் கீழேயிருந்து கடல்தான் ஏறி வரும்.

கேட்டதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. ஊர் அவரை இன்னும் ‘கிணறு துப்பரவாக்கிய சேர்’ என்றுதான் கதைத்தது.

வியாழன் அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நடந்தார். ஹுஸ்னியாவின் தாய் சுபைறா கிணற்றடியில் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். பம் வைக்க இடம் வேண்டுமே.

“பம் வெக்க வேணாம் தங்கச்சி,” என்றார். “இந்தக் கிணற இறைச்சிக் கெடுத்தது நான்தான். மூணு மாசத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும்.”

விளங்கப்படுத்தினார். அவள் கையில் பிடித்த மண்வெட்டியோடு கேட்டுக்கொண்டே நின்றாள்.

“ஆறு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆக் கேட்டிரிக்கன் சேர்.”

அவர் தலை குனிந்தார். “மாரி மழை பெய்யட்டும். உப்பு கீழ இறங்கும். அதுவரைக்கும் வாளியால மெதுவா அள்ளினாப் போதும்.”

“மாரி வாற வரைக்கும் குடிக்கிறது என்னத்த? உங்கட படிப்பையா?”

சுபைறா வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். “பம்காரன வரவேணாமெண்டு சொல்லு,” என்றுவிட்டு உள்ளே போனாள். அவரை இருக்கச் சொல்லவில்லை.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மேசையில் மரக்கட்டை மட்டும் கிடந்தது.

“சில்லு எங்க சேர்?” என்றான் அப்ராஸ்.

ஹுஸ்னியா கொட்டிலுக்கு வெளியே பார்த்தாள். சேருடைய சைக்கிள் வேலியில் சாய்ந்து நின்றது. கரியரின் இரு பக்கமும் கட்டியிருந்த மஞ்சள் கேன்களிலிருந்து நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.