மோனிகாவுக்குக் கொடுத்த செல்போன்

விசைத்தறி ஓடும் வீட்டில் பிள்ளை ஓடக் கூடாது. பெல்ட்டில் பாவாடை சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊர்த் தாட்சாயணிக்குக் குலை நடுங்கும். அதனால் மகள் தரணிக்கு நடை வந்ததிலிருந்தே கட்டிலில் உட்காரவைத்து, கையில் செல்போனைக் கொடுத்துவிட்டாள். பிள்ளையும் அசையவில்லை. "எம் பொண்ணு இக்கிற எடமே தெரியாது" என்று தெருவெல்லாம் பெருமையடித்தாள்.

ஓரகத்தி ஸ்வர்ணலதாவுக்குப் பக்கத்து வீடு. அவள் மகள் மோனிகா வீடு தங்காது. தறி தடதடக்கத் தொடங்கியதும் தெருவுக்குப் பறந்துவிடும். "பொண்ணா அது, கால்ல சக்கரம் கட்டிகினு சுத்துது" என்று தாட்சாயணி உதட்டைப் பிதுக்குவாள்.

பத்து வயதில் தரணிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா பி.பி. பார்த்தார், சற்று நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார். "ஆடுகோனிவ்வண்டி" என்றார் முதலில், தெலுங்கில். விளையாட விடுங்கள். பிறகு தமிழுக்கு மாறினார்.

"இந்த வயசுக்கு பி.பி. ஜாஸ்திம்மா. இப்படியே உக்காந்திருந்தா ரத்தக்குழாயும் இதயமும் இப்பவே கெட ஆரம்பிக்கும். செல்போனை வாங்கி வைங்க. தினமும் ஓடணும்."

ஊர் திரும்பி ஆட்டோவிலிருந்து இறங்கினால், எதிரே மோனிகா ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையோடு நிற்கிறது. தாட்சாயணிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரே குடும்பம், ஒரே சோறு. பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைக்கு நோவு, தெருவில் விட்ட பிள்ளைக்குக் கோப்பையா?

செல்போனை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆனால் தரணியை நகர்த்த அவளால் முடியவில்லை. "கால் வலிக்குதும்மா" என்று சுருண்டுகொள்ளும். சாயங்காலம் மோனிகா வந்து, "ஏய் தரணி, வாடி!" என்று கையைப் பிடித்து இழுத்தால் மட்டும் எழுந்து ஓடும். ஒன்றிரண்டு மாதத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது. திருப்பதியில் பி.பி.யும் கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

தாட்சாயணி சந்தோஷப்பட்டாள், பொய் இல்லை. அன்று சாப்பிடும்போது கணவன் சிட்டிபாபு சும்மா இருந்திருக்கலாம். "மோனிகா மட்டும் இல்லன்னா நம்ம பொண்ணு எழுந்தே இருக்காது" என்றான். சோற்றுத் தட்டை அவன் முன்னால் தொப்பென்று வைத்தாள். ஓடி ஓடிக் கோப்பை வாங்கியதும் அவள், என் பிள்ளையைக் காப்பாற்றியதும் அவளா? அவளும் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டுமே!

மோனிகாவின் பிறந்தநாளன்று பீரோவைத் திறந்து, அந்தச் செல்போனை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எட்துக்கோ கண்ணு. பெரிம்மா ஆசையா குடுக்கறேன்."

முதல் வாரம் மோனிகா கொஞ்சம் தாமதமாக விளையாட வந்தது. அடுத்த வாரம் வரவே இல்லை. தாட்சாயணி உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். அந்தக் குளிர்ச்சியில், சாயங்காலம் மோனிகாவைத் தேடிப் போகும் தரணியும் தெருவுக்கு வராததை அவள் கவனிக்கவில்லை.

ஒருநாள் தரணி படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கியது. தாட்சாயணி பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஓரகத்தி வீட்டுக்கு ஓடினாள். கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தன. அவள் கொடுத்த செல்போன் நடுவில் இருந்தது. இரண்டுமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

தறியை நிறுத்திவிட்டு ஸ்வர்ணலதா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"உன் புண்ணியம்க்கா! இப்ப எம் பொண்ணும் தரணி மாதிரிதான். இக்கிற எடமே தெர்ல."