ஜும்ஆ நேரத்தில் வந்த அதிகாரி

அல்லாஹ்விடம் பாரம் சாட்டியதை மனிதரிடம் முறையிடலாமா என்று பல வருடம் தயங்கியே இதை எழுதுகிறேன்.

கெலிஓயாவுக்கு மேலேயுள்ள எங்கள் ஊருக்கு பஸ் இல்லை. நடக்க ஏலாத உம்மாவைக் கதிரையில் வைத்துத்தான் மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போகிறோம். பஸ் கேட்டு எழுதியதும், சனம் எவ்வளவு என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். கடைகள் பூட்டு, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில்.

"ஆளே இல்லாத ஊருக்கு பஸ் எதுக்கு?" என்று சிரித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க சேர், தொழுகை முடியட்டும்!" வாசலில் நின்று கெஞ்சினேன்.

"வெயில் தங்கச்சி, நிக்க ஏலா." ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஜீப் வளைவில் மறையவும் தொழுகை முடிந்தது. ரோட்டில் கால் வைக்க இடமில்லை.

"அவர் எண்ணாட்டி என்ன மகள், அல்லாஹ் எண்ணி வச்சிருக்கான்" என்றார் உம்மா. உண்மைதான். ஆனாலும் என் மனம் ஆறவில்லை.

வாசிப்பவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.