பீடத்தின் மேல் படிந்த நூல்

1986 அக்டோபர் 11, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். முகச்சவரம், ஜெபம், இரண்டு டம்ளர் கேப்பைக் கூழ், ஐந்து ஐம்பது பஸ். விழுப்புரத்தில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் மூன்று மணிவரை வேலை. ஐந்தரைக்கு ஊர் திரும்பி, கட்டிக்கொண்டிருந்த புதுக் கோயிலுக்குப் போனேன். டைரியில் இதுவரை என் கையெழுத்து நிதானமாக இருக்கிறது. அதற்குக் கீழே பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

கோயில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பீடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு.

திண்டிவனம் பக்கத்துப் பங்கு எங்களுடையது. பழைய கோயிலில், காலனிக்காரர்களான எங்களுக்கு இடது பக்கம் தனி வாசல், தனி இடம். நாற்பத்தாறு வயதுவரை பூசையில் நான் பார்த்தது சாமியாரின் ஒரு காதை மட்டும்தான். புதுக் கோயிலோ வட்டம். நடுவில் பீடம், சுற்றிலும் ஜனம். தூணே கிடையாது, விரித்த குடைபோலக் கான்கிரீட் கூரை. வரைபடத்தைப் பார்த்த அன்று அழுதேன். அந்தக் கூரைக்கு ஜல்லி சுமந்தது எங்கள் பெண்களின் தலை.

இப்போது நடுவில் இடுப்புயரச் சுவராம்.

கமிட்டித் தலைவர் நிலபுலன் உள்ளவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பழக்கம்தானேய்யா. இதுக்குப் போய் ஏன் பேஜாரு பண்ணிக்கினு? ஒங்க பக்கமும் ஃபேன் போட்டுத் தர்றோம்.”

ஃபேன்! பங்குச் சாமியார் தலைகுனிந்து நின்றார். அவர்மேலும் ஆத்திரம் வந்தது. மணல் குவியலுக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். மரியாதையாக ஜெபிக்க வரவில்லை. “ஆண்டவரே, சுவர் எழும்பினால் நானும் என் பிள்ளைகளும் இந்த வாசலை மிதிக்க மாட்டோம். நாங்கள் உமக்கு வேண்டுமா, வேண்டாமா? இன்றைக்கே சொல்லும்!”

ஆறு மணிக்குக் கமிட்டி கூடியது. தீர்மானப் புத்தகம் எழுதுகிறவன் நான். முன்மொழிந்தவர் பெயரும் கையெழுத்தும் இல்லாமல் எங்கள் பங்கில் எதுவும் தீர்மானம் ஆகாது. கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க, மேஸ்திரி வாசலிலிருந்து எதிர்ச்சுவர்வரை நூல் பிடித்தார். நூல் பீடக் கல்லின் நட்டநடுவே படிந்தது.

வட்டத்தைப் பாதியாக்கினால் பீடமும் பாதியாகும். வரைபடத்தை அத்தனை முறை விரித்துப் பார்த்த யாருக்கும் இது தோன்றவில்லை.

மேஸ்திரி கிறிஸ்தவர் அல்ல. நூலைச் சுருட்டிக்கொண்டார். “சாமி கல்லு மேல போவுதுங்க. நான் கை வெக்க மாட்டேன்.”

“கல்ல வுட்டுட்டு ரெண்டு பக்கமும் கட்டுய்யா,” என்றார் தலைவர்.

“அப்ப பீடம் யார் பக்கம்?” சாமியார் அன்று முதல்முறையாக வாய் திறந்தார்.

“எங்க பக்கம்தான், சாமி. வேற யாரு பக்கம்?”

சாமியார் என்னிடம் திரும்பினார். “அப்படியே எழுதுங்க. சுவர் கட்டறது, பீடம் ஒரு சாராருக்கு மட்டும்னு.”

அட்சரம் பிசகாமல் எழுதினேன். கீழே ‘முன்மொழிந்தவர்’ என்று எழுதி, பேனாவைத் தலைவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. அடுத்தவரிடம் நீட்டினேன். அவர் கூரையைப் பார்த்தார். ஒன்பது பேரிடமும் நீட்டினேன். ஒரு பெயர் கிடைக்கவில்லை.

“அத்த அடிச்சுடுய்யா,” என்றார் தலைவர்.

“அடிக்க மாட்டேங்க. முன்மொழிய ஆளில்லாததால தள்ளுபடின்னு எழுதறேன்.”

எழுதினேன். மணி ஆறு நாற்பது. ஜெபித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

என்னோடு விசுவசிக்கிறவர்களே, அவர் என் கோபத்தைக் கேட்டார். அதற்கு நன்றி சொல்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதுவரை ஆபீசுக்கு மனு எழுதுவதுபோலப் பணிந்து பணிந்து ஜெபித்தவன் நான். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உங்களுக்கு அநியாயம் நடக்கும்போது நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஆத்திரத்தோடேயே அவர் காலடிக்குப் போங்கள். தாங்குவார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஐந்து மணிக்கு, பல்கூடத் தேய்க்காமல், நானும் என் மனைவியும் பெரிய வாசல் வழியாக உள்ளே போனோம். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் அந்தக் கோட்டைத் தேய்த்துக் கழுவினோம்.